கண்ணினுள்ளே சிதறும் ஒளியை அளக்குமாறு

கண்ணின் ஆற்றலை அளப்பதற்கு வைத்தியசாலைகளில் இன்றும் முதற்கண் பயன்படுவது எழுத்துப்பலகையேயாம். ஒல்லாந்து நாட்டு ஊற்றெக்ற் நகரிற் கண் வைத்தியராய் விளங்கிய ஹேமன் சினெலன் என்பார் 1862-ஆம் ஆண்டில் அதனை வகுத்தார். ஆறு மீற்றர் தூரத்தில் நிற்கும் ஒருவர் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் உயரமுள்ள எழுத்துகளைப் பிழையின்றி வாசிப்பாராயின், அவர் பார்வை 6/6 எனக் குறிக்கப்படும். அதற்கு மேற் சோதிப்பதற்கு யாதுமில்லை என எண்ணுவார் பலர்.

ஆயின், அவ்வாறு நற்பார்வையுடையர் எனக் குறிக்கப்பட்ட முதியோருட் சிலர், இரவில் எதிரே வாகன விளக்கு வருங்கால் வீதியைக் கடப்பவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என முறையிடுகின்றனர். பகலிலும், வெயில் புகும் சாளரத்துக்கு முன் நிற்பவரின் முகம் அவர்க்குத் தெளிவதில்லை. பலகையோ குறையில்லை என்கின்றது. முதியவரோ குறையுண்டு என்கின்றார். வீட்டார் பலகையை நம்பி, 'வயது சென்றால் இப்படித்தான்' எனக் கூறி அமைந்துவிடுகின்றனர். உண்மையில் இரண்டும் மெய்யே. பலகை அளப்பது ஒன்று. முதியவர் படும் இடர் வேறொன்று. அவ்வேறொன்றே கண்ணினுள் நிகழும் ஒளிச்சிதறல். அதனைப் பிரித்தளப்பது எவ்வாறு என்பதும், விண்மீன்களை ஆராய்வோர் எண்ணிய ஒரு முறை அதற்கு எவ்வாறு துணையாயிற்று என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

தமிழ் கற்பிக்கும் நாம் விஞ்ஞானப் பொருளை எடுத்துக்கொண்டமை சிலர்க்கு வியப்பாகலாம். மானிப்பாயில் இருந்த வைத்தியர் சமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) மேலைநாட்டு மருத்துவத்தை நம்மவர்க்குத் தமிழிலேயே கற்பித்தார். விஞ்ஞானப் பட்டதாரியும் பண்டிதருமாகிய சுவாமி விபுலாநந்தர் (1892–1947) கலைச்சொல்லாக்கத்திற் பெரிதும் உழைத்தார். புதிய பொருள் தோன்றுந்தோறும் அதனைத் தமிழிற் கூறிப்பார்த்தல் தமிழாசிரியர்க்கும் உரிய கடமையென்றே நாம் கருதுகின்றோம்.

தெறித்தல், முறிதல், சிதறல்

ஒளி ஒரு பொருளை அடையும்போது நிகழ்வன பல. அவற்றுள் மூன்று ஈண்டு வேண்டுவன. ஆடியிற் பட்ட ஒளி ஓர் ஒழுங்குடன் திரும்பி வருதல் தெறிப்பு. காற்றிலிருந்து நீருட் புகும் ஒளி தன் திசை மாறிச் செல்லுதல் முறிவு. இவ்விரண்டிலும், ஒளிக்கதிர் வந்த திசையை அறிந்தால் அது செல்லும் திசையையும் கணித்துவிடலாம். சிதறலோ அத்தகையதன்று. ஒளியின் அலைநீளத்தை ஒத்த, அல்லது அதனினும் சிறிய, எண்ணிறந்த துணிக்கைகளிற் பட்டு ஒளி நாலாதிசையும் பரவுதலே சிதறலாகும்.

கண்ணாடிக் குவளையொன்றில் தெளிந்த நீரை நிரப்பி, அதன் பின்னே ஒரு விளக்கை வைத்துப் பார்க்க. விளக்கின் உருவம் சற்று நெளிந்தாலும் துலங்கித் தோன்றும். பின்னர் அந்நீரில் ஒரு துளி பாலை விடுக. விளக்கு மங்குவதோடு நீர் முழுவதும் வெண்மையாய் ஒளிரும். முன்னது முறிவின் செயல். பின்னது சிதறலின் செயல்.

வானம் நீலமாய்த் தோன்றுதற்குக் காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறுவித்தலே காரணம். இச்சிதறலின் விதியை இங்கிலாந்தின் இறேலி பிரபு 1871-ஆம் ஆண்டில் வகுத்தார். கடலின் நீலத்துக்கும் நீரின் மூலக்கூறுகள் சிதறுவிக்கும் ஒளி காரணமாதலைத் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ச. வெ. இராமன் 1921-ஆம் ஆண்டிற் கடற்பயணத்தின்போது ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் தொடர்ச்சியே 1928-ஆம் ஆண்டில் அவர் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டறிதற்கு வழிவகுத்தது. வானுக்கும் கடலுக்கும் அழகு தரும் இச்சிதறல், கண்ணினுள் நிகழுங்கால் இடராகின்றது.

கண்ணின் தெளிந்த பகுதிகள்

கண்ணின் முன்புறத்தில் விழிவெண்படலம் உள்ளது. அதன் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்பினது. கண்ணின் மொத்த ஒளிமுறிவு வலுவில் மூன்றில் இரண்டு பங்கு இதனைச் சார்ந்தது. அதன் பின்னே நீர்மயவுடனீரும், நடுவிற் கண்மணி எனும் துளையையுடைய கதிராளியும், வில்லையும், கண்ணாடியுடனீரும், யாவற்றுக்கும் பின்னே விழித்திரையும் அமைந்துள்ளன. கண்மணியைப் 'பாவை' எனவும் நம் முன்னோர் வழங்கினர். இலத்தீன் மொழியாரும் சிறு பாவை எனப் பொருள்படும் சொல்லாலேயே அதனை வழங்கினர். எதிர்நிற்பவரின் சிற்றுருவம் அவ்விடத்திற் தெறித்துத் தோன்றுதலே இவ்விரு வழக்கிற்கும் காரணம் போலும்.

இப்பகுதிகள் தெளிவாயிருத்தல் எளிதில் அமைந்த செய்தியன்று. விழிவெண்படலம் நுண்ணிய புரதநார்களால் ஆயது. ஒவ்வொரு நாரும் ஏறக்குறைய 30 நானோமீற்றர் விட்டமுடையது. அவை தனித்தனியே ஒளியைச் சிதறுவிப்பன. எனினும், ஒழுங்கான இடைவெளியில் நிற்றலின், பக்கங்களிற் செல்லும் சிதறலலைகள் ஒன்றையொன்று அழித்துவிட, நேரே செல்லும் ஒளி மட்டும் எஞ்சுகின்றது. இவ்விளக்கத்தை டேவிட் மோறிஸ் என்பார் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்டார். படலத்தில் நீர் ஏறி அவ்வொழுங்கு குலையுமாயின், அது வெண்மையாகிவிடும். வில்லையும் செறிந்த புரதங்களால் ஆயது. வயது ஏற ஏற அப்புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டு பெருந்துணிக்கைகளாகின்றன. அவற்றாற் சிதறல் பெருகும். அந்நிலை முற்றியதையே கண்புரை என்கின்றோம்.

நலமுள்ள இளைஞரின் கண்ணிலும் சிதறல் முற்றாக இல்லாமலில்லை. விழிவெண்படலம், வில்லை, கண்ணின் பின்புறப் படைகள் ஆகிய மூன்றும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காக அதனைத் தருகின்றன. கதிராளியினூடும் வன்கோதினூடும் கசியும் ஒளியும் சிறிது சேரும்.

இருவகைக் குற்றம்

கண்ணின் ஒளியியற் குற்றங்களை இரண்டாகப் பகுக்கலாம். முதலாவது பிறழ்வு. விழிவெண்படலமும் வில்லையும் வேண்டிய வடிவினின்றும் சிறிது வேறுபட்டிருத்தலால், ஒரு புள்ளியிலிருந்து வந்த ஒளி விழித்திரையில் ஒரு புள்ளியிற் குவியாது விலகும். குறும்பார்வையும் நீள்பார்வையும் இவ்வகையின; மூக்குக்கண்ணாடியால் நீங்குவன. இவற்றின் மேலும் நுட்பமான பிறழ்வுகள் பல உள. அவை மூக்குக்கண்ணாடியால் நீங்கா. இருளிற் கண்மணி விரியுந்தோறும் மிகுவன. இரண்டாவது சிதறல்.

பழைய வீட்டுச் சாளரத்தின் நெளிந்த கண்ணாடியைப் பிறழ்வுக்கும், நீராவி படிந்த கண்ணாடியைச் சிதறலுக்கும் உவமை கூறலாம். நெளிந்த கண்ணாடியூடே மரம் வளைந்து தோன்றும். அவ்வளைவுக்கு எதிர்வளைவான வேறொரு கண்ணாடியைச் சேர்த்தால் மரம் நேராகும். ஆவி படிந்த கண்ணாடிக்கு அத்தகைய எதிர்க்கண்ணாடி செய்தல் இயலுமோ?

இரண்டின் பரப்பும் வேறு. ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலையாகும். பிறழ்வாற் பரவும் ஒளி பெரும்பாலும் சில கலைகளுள், மிகினும் ஒரு பாகை அளவினுள், அடங்கும். சிதறிய ஒளியோ பல பாகைகட்கு அப்பாலும் விழித்திரை முழுவதும் மெல்லிய திரைபோற் படிகின்றது. எழுத்துப்பலகையின் 6/6 வரியிலுள்ள எழுத்தின் ஒரு கோடு ஒரு கலை அகலமுடையது. ஆதலின், அப்பலகை பிறழ்வை நன்கு காட்டும், சிதறலைக் காட்டாது.

திரையொளியின் கணக்கு

சிதறிய ஒளி இருளிடத்தின்மேற் போர்க்கும் திரையை எண்ணால் அளந்தவர்கள் அமெரிக்காவில் ஹொலடேயும் (1926) இங்கிலாந்தில் ஸ்ரைல்ஸும் (1929) ஆவர். அவர்கள் பெயரால் வழங்கும் விதி எளியது. எதிர்விளக்கு கண்ணிற் படுத்தும் ஒளியை லக்சில் அளந்து, அதனைப் பத்தாற் பெருக்கி, விளக்குக்கும் நாம் நோக்கும் பொருளுக்கும் இடைப்பட்ட கோணப் பாகையின் வர்க்கத்தால் வகுக்க. வருவது திரையொளியின் அளவு. அது சதுர மீற்றருக்கு இத்துணைக் கன்டெலா எனக் கூறப்படும். வயதையும் சேர்த்தற்கு, வயதை எழுபதால் வகுத்து, அதன் நான்காம் வலுவோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்குவர். 

மாணவர் பொருட்டு ஒரு கணக்கைச் செய்து காட்டுவோம். எதிர்விளக்கு கண்ணில் 1 லக்சு ஒளியைப் படுத்துகின்றது என்க. ஐந்து பாகை விலகிய இடத்தில் திரையொளி 10 ÷ 25 = 0.4. இரண்டு பாகை விலகிய இடத்தில் 10 ÷ 4 = 2.5. முப்பத்தைந்து வயதினர்க்கு வயதால் வரும் பெருக்கம் பதினாறில் ஒரு பங்கே. எழுபது வயதினர்க்கோ சரியாக இரட்டிப்பு. எனவே எழுபது வயதினர் கண்ணில் அவ்வளவுகள் 0.8 எனவும் 5 எனவும் ஆகும்.

இனி, விளக்கிட்ட வீதியின் ஒளிர்வு 1 எனவும், அவ்வீதியில் நிற்கும் ஒருவரின் ஆடையின் ஒளிர்வு 0.5 எனவும் கொள்க. திரை இல்லாவிடின் வேறுபாடு நூற்றுக்கு ஐம்பது, எவர்க்கும் தெரியும். ஐந்து பாகையில் 0.8 சேரின், வீதி 1.8, ஆடை 1.3, வேறுபாடு நூற்றுக்கு இருபத்தெட்டாகக் குறையும். இரண்டு பாகையில் 5 சேரின், வீதி 6, ஆடை 5.5, வேறுபாடு நூற்றுக்கு எட்டே. விளக்கை நெருங்கி நிற்பவர் முதியவரின் கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்தே போகின்றார். வெண்பலகையிற் கரிய எழுத்தோ வேறுபாடு மிக்கது. அது பாதியாகக் குறையினும் வாசித்தல் இயலும். பலகையும் முதியவரும் முரண்படுதற்குக் காரணம் இதுவே. அன்றியும், மேற்கூறிய விதி நலமுள்ள கண்ணுக்குரியது. புரை தொடங்கிய கண்ணில் திரை இன்னும் தடித்திருக்கும்.

அளப்பதில் உள்ள இடர்ப்பாடு

சிதறலை அளக்க முன்னர்க் கைக்கொள்ளப்பட்ட முறைகள் காண்பவரின் விடையைச் சார்ந்தன. ஒல்லாந்தின் வன் டென் பேர்க் என்பார் 1986-ஆம் ஆண்டில் வகுத்த முறையில், நடுவே ஓர் இருண்ட வட்டமும் அதனைச் சூழ மினுங்கும் வளையமும் காட்டப்படும். வளையத்தின் ஒளி கண்ணினுட் சிதறி நடுவட்டத்தின்மேற் படுதலால், இருண்ட வட்டமும் மினுங்குவதுபோற் தோன்றும். அவ்வட்டத்தில் எதிர்முறையாக மினுங்கும் ஒளியைச் சேர்த்து, மினுக்கம் எப்போது மறைகின்றது எனக் காண்பவர் கூறுவர். அச்சேர்த்த ஒளியின் அளவே சிதறலின் அளவாகும். இது நல்ல முறையே. ஆயின், சிறுவரும் தளர்ந்த முதியவரும் விடை கூற இடர்ப்படுவர்.

வைத்தியர், ஒடுங்கிய ஒளிக்கீற்றைக் கண்ணிற் செலுத்தி நுணுக்குக்காட்டியால் நோக்குவர். அவர் காண்பது பின்னோக்கிச் சிதறி வெளியே வரும் ஒளி. நோயாளியை வருத்துவதோ முன்னோக்கிச் சிதறி விழித்திரையிற் படியும் ஒளி. ஒன்றின் அளவு மற்றொன்றின் அளவுக்கு எப்போதும் நேரானதன்று.

ஆதலின் வேறொரு வழி நாடப்பட்டது. விழித்திரையில் ஓர் ஒளிப்புள்ளியை வீழ்த்தி, அது தெறித்துக் கண்மணி வழியே மீண்டு வரும்போது அதன் உருவத்தைப் படம்பிடித்தல். புள்ளி எவ்வளவு பரந்துள்ளதோ அவ்வளவு கண்ணின் குற்றம். ஆனால், அப்பரவலிற் பிறழ்வும் சிதறலும் விரவியுள்ளன. உப்பும் மணலும் கலந்த கலவையில் மணலின் நிறையை மட்டும் அறிய விரும்புவோன் யாது செய்வான்? நீரூற்றி உப்பைக் கரைத்து நீக்கிவிட்டு, எஞ்சிய மணலை உலர்த்தி நிறுப்பான். அவ்வாறே, பிறழ்வைக் கரைத்து நீக்கும் 'நீர்' ஒன்று கிடைப்பின், எஞ்சிய சிதறலை அளந்துவிடலாம். அந்நீரை உதவியவர் வானியலார்.

விண்மீனிலிருந்து கண்ணுக்கு

விண்மீன் மினுங்குதற்குக் காற்றின் அசைவே காரணம். அவ்வசைவு தொலைகாட்டியின் உருவத்தைக் கலக்குகின்றது. இதற்கு அமைதியான காற்றையுடைய மலையுச்சியை நாடுவதே மருந்து என நியூற்றன் 1704-ஆம் ஆண்டில் வெளியான தமது ஒளியியல் நூலிற் கூறினார். 1953-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன், பலமார் வானாய்வகங்களைச் சேர்ந்த ஹோரஸ் பப்கொக் என்பார் வேறொரு மருந்தைக் கூறினார். காற்று ஒளியலையை எவ்வாறு நெளிக்கின்றது என்பதை அவ்வப்போது அளந்து, அதற்கு எதிராக ஒரு மேற்பரப்பை அவ்வப்போதே நெளித்துவிடின், உருவம் தெளியும் என்றார். அக்காலத்திற் கருவிகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பின்னர்ப் பல ஆண்டுகள் கழித்தே அது கைகூடிற்று. காணும் குற்றத்துக்குத் தக்கவாறு தன்னை இசைவித்துக்கொள்வதால், இதனை இசைவாக்க ஒளியியல் என நாம் வழங்குவோம்.

இதற்கு வேண்டிய உறுப்புகள் இரண்டு. முதலாவது அலைமுகமானி. யேர்மனியின் ஹாற்மன் என்பார் 1900-ஆம் ஆண்டளவில் துளைகள் இட்ட தகட்டால் தொலைகாட்டி வில்லைகளைச் சோதித்தார். 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஷாக், பிளாற் என்போர் துளைகளுக்குப் பதிலாக நுண்வில்லைகளை வரிசையாக அமைத்தனர். நெளியாத அலை அவ்வில்லைகளுட் புகுமாயின், ஒவ்வொரு வில்லையும் தன் நேர்பின்னே ஓர் ஒளிப்புள்ளியைக் குவிக்கும். அலை ஓரிடத்திற் சாய்ந்திருப்பின், அவ்விடத்துப் புள்ளி தன் இடத்தினின்றும் விலகும். விலகலின் அளவிலிருந்து சாய்வையும், சாய்வுகளிலிருந்து அலையின் முழு வடிவையும் கணிக்கலாம்.

இரண்டாவது நெகிழாடி. மெல்லிய ஆடியின் முதுகிற் சிறு தண்டுகள் பல பொருத்தப்பட்டு, மின்னால் அவை முன்னும் பின்னும் நகர்த்தப்படும். ஒளி ஆடிக்குச் சென்று மீளுதலால், அலையின் ஒரு பகுதி 2 மைக்குரோமீற்றர் பிந்தியிருப்பின், அவ்விடத்தில் ஆடியை 1 மைக்குரோமீற்றர் முன்தள்ளினாற் போதும். தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்குரோமீற்றர் என்பதை நோக்கின், இவ்வசைவின் நுண்மை விளங்கும். மானி அளக்க, கணினி கணிக்க, ஆடி நெளிய, மீண்டும் மானி அளக்க, இவ்வட்டம் ஒரு விநாடியிற் பன்முறை சுழலும்.

1994-ஆம் ஆண்டில் யேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில் லியாங், பில்லே முதலானோர் இம்மானியை மனிதக் கண்ணுக்குப் பயன்படுத்தினர். 1997-ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் லியாங், வில்லியம்ஸ், மில்லர் என்போர் 37 தண்டுகள் பொருத்திய நெகிழாடியால் கண்ணின் நுண்பிறழ்வுகளைத் திருத்தி, உயிருள்ள மனிதரின் விழித்திரைக் கலங்களைத் தனித்தனியே படம்பிடித்தனர்.

பிறழ்வை நீக்கிச் சிதறலை அளத்தல்

இனி நம் பொருளுக்கு வருவோம். மெல்லிய ஒளிக்கற்றை நெகிழாடியில் தெறித்துக் கண்ணினுட் சென்று விழித்திரையிற் புள்ளியாகின்றது. மீளும் ஒளியும் அவ்வாடி வழியே வருகின்றது. ஆடி கண்ணின் பிறழ்வுக்கு எதிராக நெளிந்திருத்தலால், செல்லும் வழியிலும் மீளும் வழியிலும் பிறழ்வு நீங்குகின்றது. அப்போது புள்ளியின் நடுப்பகுதி மிக ஒடுங்கிவிடும். எனினும் அது அளவிறந்து ஒடுங்காது. ஒளி ஒரு சிறு வாயிலாற் புகும்போது விளிம்பில் வளைந்து பரவும். இதனைக் கோணல் என்பர். கண்மணி 6 மில்லிமீற்றரும் ஒளியின் அலைநீளம் 550 நானோமீற்றரும் ஆயின், கோணலால் வரும் நடுவட்டத்தின் ஆரை ஏறக்குறைய 0.4 கலை. இது முன்கூட்டியே கணிக்கத்தக்கது. ஆகவே, பிறழ்வு நீங்கிய பின், இந்நடுவட்டத்துக்கு வெளியே நெடுந்தூரம் பரந்து கிடக்கும் மங்கிய ஒளியைச் சிதறலின் கணக்கில் வைக்கலாம். நடுவொளிக்கும் சூழொளிக்கும் உள்ள விகிதமே சிதறலின் அளவுகோல்.

விகிதத்தால் அளக்கும் இம்முறை நெகிழாடி இல்லாத கருவியொன்றிலும் வழங்குகின்றது. ஸ்பெயின் நாட்டு மூர்சியா பல்கலைக்கழகத்தின் பப்லோ ஆர்த்தால் குழுவினர் வகுத்த அளவில், 12 கலை முதல் 20 கலை வரையுள்ள வளையத்தின் ஒளி, நடுவில் ஒரு கலை அளவினுள்ள ஒளியோடு ஒப்பிடப்படும். பிறழ்வு மிக்க கண்ணில் நடுவொளி விரிந்து மெலியும், விகிதம் கூடும், சிதறல் உள்ளதினும் மிக்கதாகத் தோன்றும். நெகிழாடியால் முதலிற் பிறழ்வை நீக்கின் இம்மயக்கம் பெரிதும் ஒழிகின்றது.

அலைமுகமானியே இன்னொரு செய்தியையும் தருகின்றது. நுண்வில்லைகள் குவிக்கும் புள்ளி இடம்பெயர்தல் பிறழ்வைக் காட்டும் என்றோம். புள்ளி இடம்பெயராமலே மங்கிப் பரந்திருப்பின், அது அவ்விடத்துச் சிதறலைக் காட்டும். 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, வில்லையின் நடுப்பகுதிப் புரையை இவ்வாறு அளக்க முயன்றது. இம்முறையால், கண்மணியின் எப்பகுதியிற் சிதறல் மிக்கது என்பதும் புலனாகும்.

அகன்ற கோணங்களில் திரையொளி மிக மெல்லியதாகலின், ஒரு புள்ளியைக் கொண்டு அளத்தல் அரிது. மூர்சியாவினர் 2012-ஆம் ஆண்டில், புள்ளிக்குப் பதிலாகச் சீரான ஒளிவட்டங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக முறையே விழித்திரையில் வீழ்த்தினர். வட்டம் பெரிதாகுந்தோறும் அதன் மையத்தில் ஒளி சிறிது கூடும். அக்கூடுதல் புதிதாகச் சேர்ந்த விளிம்பிலிருந்து சிதறி வந்த ஒளியேயாம். இவ்வாறு எட்டுப் பாகை வரை சிதறலைக் கணித்தனர்.

கருத்திற் கொள்ளவேண்டியன

இவ்வளவையில் எச்சரிக்கை வேண்டும் இடங்கள் மூன்று. முதலாவது, ஒளி கண்ணினூடே இருமுறை செல்கின்றது. நாம் காண்பதும் இருமுறைச் சிதறல். பார்வையைக் கெடுப்பது ஒருமுறைச் சிதறலாகலின், கணிதத்தால் அதனைப் பிரித்தெடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, விழித்திரைக்குப் பின்னுள்ள குருதி மிக்க படை. ரோச்சு விளக்கின் முகத்தை உள்ளங்கையால் மூடினால், விரல்கள் செந்நிறமாய் ஒளிர்தலை யாவரும் கண்டிருப்பர். குருதி பச்சையொளியை உறிஞ்சிச் செவ்வொளியைச் செல்லவிடுகின்றது. அவ்வாறே செவ்வொளி கண்ணின் பின்படையில் ஊடுருவிப் பரந்து மீளும். அப்பரவல் வில்லையின் சிதறல்போல் நடிக்கும். பச்சையொளியைக் கொள்ளின் இந்நடிப்புக் குறையும்.

மூன்றாவது, கண்ணீர்ப் படலம். இமையாது விழித்திருப்பின் அது சில விநாடிகளிற் குலைந்து, பிறழ்வையும் சிதறலையும் ஒருங்கே கூட்டும். ஆகவே, இமைத்த உடனே அளத்தல் நன்று.

நெகிழாடி பிறழ்வை நீக்குதல்போலச் சிதறலையும் நீக்காதோ என மாணவர் வினவலாம். முப்பத்தேழு தண்டுகளால் நெளியும் ஆடி பெரிய மேடுபள்ளங்களையே நிரவும். சிதறுவிக்கும் துணிக்கைகள் எண்ணிறந்தன, மிகச் சிறியன. ஒளியலையை மிகப் பல நுண்கூறுகளாகப் பகுத்துத் திருத்தும் கருவிகளால், புரையை ஒத்த செயற்கை அமைப்பினூடே உருவத்தைச் சிறிது தெளிவித்ததாக மூர்சியாவினர் 2020-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அஃது ஆய்வுகூடத்தின் முயற்சி, வைத்தியசாலையின் மருந்தன்று.

பயன்

இவ்வளவை எதற்கு உதவும்? முதலில், குறையின் இடத்தை அறிய. விழிவெண்படலம் மங்கியிருப்பின், தானமாகப் பெற்ற படலத்தைப் பொருத்துதல் வேண்டும். 1961-ஆம் ஆண்டில் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தானச் சங்கத்தின் வாயிலாக இலங்கை பிற நாடுகளுக்கும் அத்தகைய படலங்களை வழங்கி வந்துள்ளது. வில்லை மங்கியிருப்பின், அதனை நீக்கிச் செயற்கை வில்லையைப் பொருத்துதல் வேண்டும். அதனை முதன்முதல் இலண்டனில் 1949-ஆம் ஆண்டிற் செய்தவர் ஹறோல்ட் றிட்லி. குற்றம் பிறழ்வு மட்டுமாயின், கத்தியே வேண்டாம், கண்ணாடி போதும். மூன்றும் 'மங்கல்' என்ற ஒரே சொல்லால் நோயாளியாற் கூறப்படுவன. பிரித்தறியாது மருந்து செய்தல் தீதாகும்.

அடுத்து, காலத்தை அறிய. பலகையில் நன்றாக வாசிக்கும் முதியவர்க்கும் சிதறல் மிக்கிருப்பின், இரவில் வாகனம் ஓட்டுதல் அவர்க்கும் பிறர்க்கும் இடர். பலகை அதனைக் கூறாது. வீதியிற் போகும் உயிரொன்று அதற்கு விலையாகலாம்.

இதனை நம் மாணவர் தம் கண்ணாலேயே ஓரளவு காணலாம். இரவிற் தூரத்து விளக்கொன்றை நோக்கி, அதன் அருகேயுள்ள இருண்ட பொருளைக் கவனிக்க. பின்னர்க் கையை நீட்டி, விளக்கை மட்டும் பெருவிரலால் மறைக்க. பொருள் முன்னிலும் தெளிந்து தோன்றுமாயின், மறைந்த திரை கண்ணினுள் இருந்ததே. மூடுபனியின் ஒளியாயின் விளக்கை மறைத்தாலும் அது நிற்கும். ஞாயிற்றை நோக்கி இதனைச் செய்தல் ஒருபோதும் ஆகாது.

இவ்விதழை வாசிக்கும் பழைய மாணவர் பலர்க்கு எழுபது வயது அணித்தாயிருத்தல் கூடும். இளைய மாணவர் வீட்டிலும் அவ்வயதினர் இருப்பர். எதிர்வெளிச்சத்திற் கண் தெரியவில்லை என அவர் கூறுங்கால், அதனை முதுமையின் புலம்பல் என ஒதுக்காது, கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்க. அங்கே, 'எழுத்து வாசிக்கின்றார். ஆயின் எதிர்வெளிச்சத்திற் காண்கின்றாரில்லை' என அச்சொற்களாலேயே கூறுக. மருத்துவமும் பௌதிகவியலும் கற்கப்போகும் மாணவர், பலகையோடு அமையாது, அக்கூற்றை அளக்கும் முறைகளை நாடிக் கற்பாராக.